நீரிழிவுச் சிகிச்சையில் விடுபட்ட ஈறு

நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள் எவை என்று கேட்டால், விழித்திரையைப் பார்ப்பது, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று சோதிப்பது, பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பது, ஈசிஜி எடுப்பது என்று விவரம் அறிந்த நோயாளிகளே இன்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வரிசையில் ஈறு வருவதில்லை; நோயாளிகள் கையில் வைத்திருக்கும் 'சுகர் நோட்டு'களிலும் பெரும்பாலும் அதற்கென்று ஓர் இடம் இருப்பதில்லை. எந்த நோய்க்குப் போனாலும் முதலில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த மருத்துவம், துறைகள் தனித்தனியாகப் பிரிந்த பிறகு, உதட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் பல் மருத்துவரின் பொறுப்பு என்று விலகிக்கொண்டது. பல் மருத்துவரோ, நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதைப் பல்லைப் பிடுங்குவதற்கு முன் கேட்கும் கேள்வியாக மட்டுமே வைத்துக்கொண்டார். இந்த இடைவெளியில்தான், நீரிழிவால் வரக்கூடியதும், வந்தபின் நீரிழிவையே மோசமாக்கக்கூடியதுமான ஒரு நோய் யாருடைய கணக்கிலும் சேராமல் வளர்கிறது.

அந்த நோயைப் பல் மருத்துவ நூல்கள் பற்சூழ் திசு நோய் என்று அழைக்கின்றன. பல் தாடை எலும்பில் ஆணியைப் போல நேரடியாக இறங்கி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே நுண்ணிய நார்கள் ஊஞ்சல் கயிறுகளைப் போல இருபுறமும் பிணைத்திருக்க, அந்தப் பிணைப்பைக் கழுத்தில் சுற்றிய துணிபோல ஈறு மூடிக் காக்கிறது. பல்லின் மேல் நாள்தோறும் படியும் நுண்ணுயிர்ப் படலம் அகற்றப்படாமல் தங்கினால், ஈறு சிவந்து, வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசியத் தொடங்குகிறது. ஈறு அழற்சி எனப்படும் இந்த முதற்கட்டம் சுத்தம் செய்தால் முழுமையாகச் சரியாகிவிடக்கூடியது. படலம் உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தை ஏற்றுக் காறையாக இறுகி, ஈறுக்கு அடியிலும் இறங்கிவிட்டால், அழற்சி நார்களைத் தாக்கி, எலும்பைக் கரைத்து, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே ஒரு பையை உண்டாக்குகிறது. இந்த இரண்டாம் கட்டத்தில் இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

அந்தப் பையைக் கண்டறியும் முறை மிக எளியது. நுனி மழுங்கி, மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய உலோகக் கம்பி ஒன்றைப் பல் மருத்துவர் ஈறின் விளிம்பில் மெதுவாக நுழைத்து, பல்லைச் சுற்றி நடத்திச் செல்கிறார். கம்பி ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை இறங்கி நின்றால் ஈறு நலமாக இருக்கிறது. நான்கைத் தாண்டினால் பை விழத் தொடங்கிவிட்டது. ஆறும் அதற்கு மேலும் என்றால் நோய் முற்றிவிட்டது. கம்பியை எடுத்த சில நொடிகளில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி துளிர்த்தால் உள்ளே அழற்சி நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வலி இராது என்பதே இந்த நோயின் பெரிய சூழ்ச்சி. புகைபிடிப்பவர்களிடம் இரத்தக் கசிவும் குறைந்து காணப்படுவதால், ஈறு நன்றாக இருப்பதாக அவர்களே நம்பிக்கொண்டிருக்க, பல் ஒரு நாள் ஆட்டம் கண்டபிறகுதான் விஷயம் வெளிவருகிறது.

நுண்ணுயிர்ப் படலமே ஈறு அழற்சிக்குக் காரணம் என்பதை ஐயமின்றி நிறுவியவர் நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற அறிஞர். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 1965-ல் வெளியிட்ட ஆய்வில், நலமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் மறைந்தது. ஆனால் அழற்சியிலிருந்து எலும்பு கரையும் கட்டத்துக்கு எல்லோரும் ஒரே வேகத்தில் போகிறார்களா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடையில்லை. விடையைத் தேடி லோ வந்து சேர்ந்த இடம் இலங்கையின் மலையகம்.

தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாய்கள் 1970 முதல் 1985 வரை அங்கே திரும்பத் திரும்பப் பரிசோதிக்கப்பட்டன. பல் மருத்துவம் எட்டாத, பல்துலக்கும் தூரிகையைப் பயன்படுத்தாத, ஆனால் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லாத அந்த மக்களிடம் நோய் தன் போக்கில் விடப்பட்டால் எப்படி நடக்கும் என்று பார்ப்பதே நோக்கம். எல்லோருடைய பற்களிலும் படலமும் காறையும் நிறைந்திருந்தன. ஏறக்குறைய எல்லா ஈறுகளும் அழற்சியுற்றிருந்தன. இருந்தும் 8 சதவீதத்தினருக்கு நோய் மிக வேகமாக முற்றி 45 வயதுக்குள் பற்கள் அனைத்தும் விழுந்தன. 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் முன்னேறியது. 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் இந்த எண்கள், மருத்துவம் மறுக்கப்பட்டிருந்த மலையகத் தமிழர்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத செய்தி. ஒரு சமூகத்தின் வறுமை அறிவியலுக்கு ஆய்வுக்கூடமாக அமைந்த கதையாகவும் அதைப் படிக்கலாம். அழுக்கு ஒன்றேயாக இருந்தும் அழிவு வேறுபட்டதென்றால், நோயின் வேகத்தைத் தீர்மானிப்பதில் நுண்ணுயிருக்கு உடல் காட்டும் எதிர்வினைக்கும் பெரும் பங்கு உண்டு என்றாகிறது. அந்த எதிர்வினையைக் கெடுப்பவற்றுள் முதல் வரிசையில் நிற்பவை புகையிலையும் நீரிழிவும்.

நீரிழிவின் பங்கைத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கீலா ஆற்றங்கரையில் வாழும் பிமா பழங்குடியினரிடம் நடந்த நெடுங்கால ஆய்வு. உலகிலேயே இரண்டாம் வகை நீரிழிவு மிக அதிகமாகப் பதிவான சமூகங்களில் ஒன்றான அவர்களை 1965 முதல் அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனம் தொடர்ந்து கவனித்து வந்தது. நீரிழிவு உள்ள பிமாக்களுக்குப் பற்சூழ் திசு நோய் புதிதாக வரும் வீதம் மற்றவர்களைவிட 2.6 மடங்கு என்று 1990-ல் வெளியான ஆய்வு கூறியது. எதிர்த்திசையிலும் கணக்கு எடுக்கப்பட்டது: நீரிழிவோடு ஈறு நோயும் முற்றியிருந்தவர்களுக்குச் சில ஆண்டுகளில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போகும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததை 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது, நீரிழிவுள்ள 628 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த இன்னோர் ஆய்வு, ஈறு நோய் முற்றியவர்கள் இதய நோயாலோ சிறுநீரக நோயாலோ இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.2 மடங்கு என்று 2005-ல் தெரிவித்தது. இதற்கிடையே 1993-ல், கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய இரத்தக் குழாய்கள், ஆறாத புண் ஆகிய ஐந்து பின்விளைவுகளோடு ஈறு நோயையும் சேர்த்து, அதை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று அதே ஹரால்ட் லோ அறிவித்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த ஆறாவது பெயர் பொதுவழக்குக்கு வந்து சேரவில்லை.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள தொடர்பு வேதியியலில் தொடங்குகிறது. 'மூணு மாச சுகர் டெஸ்ட்' என்று மக்கள் அழைக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளப்பது, இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் புரதத்தில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான். ஹீமோகுளோபினில் ஒட்டும் சர்க்கரை உடலின் மற்றப் புரதங்களை விட்டுவைப்பதில்லை; ஈறுக்கும் பல்லைத் தாங்கும் நார்களுக்கும் ஆதாரமான கொலாஜன் என்ற நார்ப்புரதத்திலும் அது ஒட்டுகிறது. இயல்பில் இந்த நார் விரைவாகச் சிதைந்து விரைவாகப் புதுப்பிக்கப்படுவது. சர்க்கரை ஏறி இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்துவிட்டால், பழைய கயிறு போல விறைத்துப் புதுப்பித்தலுக்கு இடம் தராமல் கிடக்கிறது. சர்க்கரை ஏறிய புரதங்களை அடையாளம் காணும் ஏற்பிகள் பாதுகாப்பு அணுக்களின் மேல் இருப்பதால், அவை தேவைக்கு மேல் கிளர்ச்சியுற்று அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. நுண்ணுயிரை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களோ தாமதமாக வருகின்றன, சரியாக விழுங்குவதில்லை, ஆனால் திசுவைக் கரைக்கும் நொதிகளை மட்டும் தாராளமாகக் கொட்டுகின்றன. கள்ளனைப் பிடிக்காமல் வீட்டுக்காரரை அடிக்கும் காவலரின் நிலைமைதான். இவற்றோடு உமிழ்நீர் குறைந்து வாய் வறள்வதும், ஈறின் விளிம்பில் ஊறும் நீரிலேயே சர்க்கரை கூடுவதும், நுண்குழாய்களின் சுவர் தடிப்பதும், எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டும் செய்திப் புரதங்கள் பெருகுவதும் சேர்ந்துகொள்கின்றன.

ஈறிலிருந்து சர்க்கரைக்குச் செல்லும் பாதையைப் புரிந்துகொள்ள, நோயுற்ற வாயிலுள்ள பைகளின் உட்பரப்பை விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். பரவலாக நோய் கண்ட வாயில் இந்தப் பரப்பு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று ஒரு கணக்கீடு சொல்கிறது. நீரிழிவு உள்ளவரின் காலில் இத்தனை அகலத்துக்குப் புண் இருந்தால் வீடே பதறி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும். வாய்க்குள் மறைந்திருப்பதால் அதே புண் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் புண்பரப்பின் வழியே நுண்ணுயிர்களும் அவற்றின் நச்சுகளும் இரத்தத்தில் கலக்கின்றன. அழற்சிச் செய்திப் புரதங்கள் உடலெங்கும் பரவி, இன்சுலின் அணுவின் கதவைத் தட்டினாலும் உள்ளே கேட்காதபடி செய்கின்றன. கடுமையான காய்ச்சலோ நிமோனியாவோ வந்தால் நீரிழிவுள்ளவரின் சர்க்கரை ஏறுவதற்கும் இதே வழிமுறைதான் பெரிதும் காரணம். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும், ஈறு நோய் போவதில்லை என்பதுதான் வேறுபாடு.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது ஆய்வகத்தில் அல்ல, சாப்பாட்டுத் தட்டில் நடப்பது. கடைவாய்ப் பற்கள் ஆடத் தொடங்கியவருக்கு உணவியலாளர் எழுதித் தரும் கொண்டைக்கடலைச் சுண்டலும், முளைகட்டிய பயறும், வெள்ளரியும், பச்சைக் காய்களும் மெல்ல முடியாத பொருள்களாகிவிடுகின்றன. குழைந்த சோறும், தேநீரில் நனைத்த ரஸ்க்கும், பிஸ்கட்டும்தான் வலியில்லாமல் உள்ளே போகின்றன. நார்ச்சத்து குறைந்து மாவுச்சத்து கூடிய இந்த உணவு சர்க்கரையை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஈறுக்குச் சிகிச்சை செய்தால் சர்க்கரை குறையுமா என்பதே நடைமுறைக் கேள்வி. இதற்கான சான்றுகள் ஒரே நேர்கோட்டில் வந்துவிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்வதே முறை. அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வு, ஈறுக்கடியில் சுத்தம் செய்த பிறகு ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சி குறையவில்லை என்று கூறியது; சிகிச்சைக்குப் பின்னும் அந்த நோயாளிகளின் வாயில் படலமும் இரத்தக் கசிவும் கணிசமாக எஞ்சியிருந்தன என்பதால், ஈறே சரியாகாதபோது சர்க்கரை எப்படிச் சரியாகும் என்று எதிர்வாதம் எழுந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 264 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு அந்தக் குறையை நிவர்த்தி செய்தது: ஆழமான சுத்திகரிப்பு, தேவைப்பட்டவர்களுக்கு ஈறு அறுவைச் சிகிச்சை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொடர் கவனிப்பு என ஓராண்டு முழுதும் சிகிச்சை பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி, மேலோட்டமான சுத்தம் மட்டும் பெற்றவர்களைவிட 0.6 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. உலக ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பீடு, 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43, ஆறு மாதத்தில் 0.30, ஓராண்டில் 0.50 சதவீதப் புள்ளி குறைகிறது என்ற முடிவுக்கு வந்தது.

அரைப் புள்ளி என்பது காதில் விழும்போது அற்பமாகத் தோன்றலாம். மாத்திரையால் மட்டும் கட்டுப்படாதவருக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதால் கிடைக்கும் பலனுக்கு இது நெருக்கமானது; பிரிட்டனின் நெடுங்கால நீரிழிவு ஆய்வு, ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைந்தால் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைவதைக் கண்டது. ஈறுச் சிகிச்சை மருந்துக்கோ உணவுக் கட்டுப்பாட்டுக்கோ மாற்று அல்ல. அப்படி விளம்பரம் செய்பவர் எவராயினும் நம்பத்தக்கவர் அல்லர். மருந்தையும் உணவையும் ஒழுங்காகப் பின்பற்றியும் சர்க்கரை இறங்காதவரிடம் அடுத்த மாத்திரையை எழுதுவதற்கு முன், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது அறிவியல் ஏற்கும் செயல் என்பதே இங்கு சொல்லக்கூடியது.

தமிழ்நாட்டில் இதற்குக் குறுக்கே நிற்பவை இரண்டு நம்பிக்கைகள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும், பல்லுக்கிடையே சந்து விழும் என்பது ஒன்று. எலும்பு கரைந்து முன்பே ஆட்டம் கண்ட பற்களைக் காறை சிமெண்டு பூசியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். காறையை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டமும் சந்தும் கண்ணுக்குத் தெரிகின்றனவே தவிர, அவற்றை உண்டாக்கியது சுத்தம் செய்த கருவி அல்ல. 'சுகர் இருந்தால் பல் பிடுங்கக் கூடாது' என்பது மற்றொன்று. சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மருத்துவர் அறிவுரைப்படி பல்லைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். காப்பாற்ற முடியாத, சீழ் பிடித்த பல்லை அச்சத்தால் வாயிலேயே வைத்திருப்பதுதான் சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருக்கும். இவற்றோடு, ஈறில் இரத்தம் கண்டால் பற்பசையை மாற்றுவது, அல்லது அந்த இடத்தில் தூரிகை படாமல் துலக்குவது என்ற பழக்கங்களும் பரவலாக உள்ளன. ஐந்து மில்லிமீட்டர் பைக்குள் எந்தப் பற்பசையும் போய்ச் சேராது. தூரிகை படாத இடத்தில் படலம் தடிக்குமே அன்றிக் குறையாது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு அது இருப்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நீரிழிவு இருப்பதே தெரியாமல் வாழ்பவர்களில் கணிசமானோர் பல் ஆடுகிறது என்று முதலில் போய்ச் சேருவது பல் மருத்துவரிடம்தான். விழுந்துபோன பற்களின் எண்ணிக்கையையும் ஆழமான பைகளின் விகிதத்தையும் மட்டும் கொண்டே, கண்டறியப்படாத சர்க்கரைக் கோளாறு உள்ளவர்களில் 73 சதவீதத்தினரை அடையாளம் காண முடிந்ததாகவும், விரல் நுனி இரத்தத்தில் ஹெச்பிஏ1சி-யும் பார்த்தபோது அது 92 சதவீதமாக உயர்ந்ததாகவும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2011-ல் எழுதினார்கள். 2017-ல் உருவாக்கப்பட்ட புதிய உலக வகைப்பாட்டின்படி, ஈறு நோயின் தரத்தைக் குறிக்கும்போதே நோயாளியின் ஹெச்பிஏ1சி ஏழுக்கு மேலா கீழா என்பதையும் பல் மருத்துவர் கணக்கில் கொள்ள வேண்டும். பல் மருத்துவம் தன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டது. பொது மருத்துவத்தின் கதவுதான் இன்னும் பாதி சாத்தியிருக்கிறது. அதற்கும் வழிகாட்டி இல்லாமல் இல்லை: நோயாளியிடம் ஆண்டுதோறும் ஈறு வீக்கம், இரத்தக் கசிவு பற்றிக் கேட்க வேண்டும் என்று பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2009-லேயே எழுதிவைத்தது.

தமிழ்நாட்டு அரசுக்கு இதற்கான பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுசென்று தருகிறார்கள். நீரிழிவுக் காலுக்கென்று 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமும் வந்திருக்கிறது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர் இல்லை என்பது உண்மையே. ஆனால் துலக்கும்போது இரத்தம் வருகிறதா, பல் ஏதாவது ஆடுகிறதா, ஈறில் சீழோ துர்நாற்றமோ இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்பதற்குப் பல் மருத்துவர் தேவையில்லை. மாத்திரை கொண்டுசெல்லும் தன்னார்வலர் அவற்றைக் கேட்கலாம். 'ஆம்' என்பவரை வட்ட மருத்துவமனையின் பல் பிரிவுக்கு எழுதி அனுப்பலாம். மக்கள் நல்வாழ்வுத் துறை அடுத்த முறை நோயாளிக் குறிப்பேட்டை அச்சுக்கு அனுப்பும்போது, கண்ணுக்கும் பாதத்துக்கும் கீழே ஈறுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.